பொருந்தாத கிணறுகள்

மீஞ்சூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை நெருங்கும் இடத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. நிலத்தடியில் எங்கே எவ்வளவு மணல் என்று காட்டும் எங்கள் வரைபடம் அந்த இடத்தில் மணலின் பங்கு 20 சதவீதம் என்கிறது. அந்தக் கிணற்றைத் துளைத்தபோது அடிக்கு அடி எழுதிவைத்த பதிவைக் கூட்டிப் பார்த்தால் 65 சதவீதம் வருகிறது. இந்த வேறுபாட்டை அழிக்க மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை போதும். வரைபடம் கிணற்றின் எண்ணுக்கு இழுபட்டுவிடும், திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், அறிக்கையில் "வரைபடம் கிணறுகளோடு பொருந்துகிறது" என்று எழுதிவிடலாம். அந்தக் கட்டளையை எப்போது கொடுக்கலாம், எப்போது கொடுக்கவே கூடாது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நான் நிலவியல் படித்தவள். திருவொற்றியூரில் வசிக்கிறேன். பல ஆண்டுகள் எண்ணெய் வயல்களுக்கு முப்பரிமாண மாதிரி அமைத்தேன். பெட்ரெல், ஆர்.எம்.எஸ். போன்ற மென்பொருள்களோடுதான் என் பகல் முழுவதும் கழிந்தது. இப்போது ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீருக்கு மாதிரி அமைக்கிறோம். எண்ணெய்க்கு ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம், இங்கே ஐம்பது அறுபது மீட்டர். அங்கே நில அதிர்வு அலைகளிலிருந்து வரைபடம், இங்கே மின்தடை ஆய்விலிருந்து வரைபடம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: பரப்பு முழுவதையும் மங்கலாகப் பார்க்கும் ஒரு தரவு, ஒரே புள்ளியைக் கூர்மையாகப் பார்க்கும் இன்னொரு தரவு, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

இந்தப் படுகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைந்தன. ஆற்று வண்டலும் மணலும் களியும் மாறி மாறிப் படிந்த நிலம் இது. மேலே ஒரு நீர்த்தாங்கி (தண்ணீரைத் தேக்கித் தரும் மணல் அடுக்கு), நடுவில் களிமண் அடுக்கு, அதன் கீழே இன்னொரு நீர்த்தாங்கி. கீழே இருக்கும் மணலின் பெரும்பகுதி புதையுண்ட பழைய ஆற்றுத் தடங்களில் கிடக்கிறது. பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது என்பதை நிலவியலார் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். தண்ணீரை எடுத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை, கடல்நீர் உள்ளே வந்தது. கடற்கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே உப்பு ஏறியிருக்கிறது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லாரி வரும். 2019 கோடையில் அந்த லாரிகள் எந்தெந்த வயல்களின் கிணறுகளிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தன என்று வடசென்னையில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லப்போகும் மாதிரி இது. அதில் ஒரு களி அடுக்கு இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு வெறும் நிறப் பட்டை இல்லை.

கிணறும் வரைபடமும் பொருந்தாதபோது நான் முதலில் கேட்பது, கிணறு உண்மையிலேயே அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்பது. பழைய பதிவுகளின் ஆயத்தொலைவுகள் பெரும்பாலும் பழைய நில அளவைத் தாள்களிலிருந்து எடுத்தவை. பூமியின் வடிவத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை அவை. இன்றைய ஜி.பி.எஸ். கருவி தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு கணக்கு. மாற்றாமல் அப்படியே ஏற்றினால் கிணறு நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். புதையுண்ட ஆற்றுத் தடம் குறுகலாக இருக்கும் இடத்தில் அந்த நகர்வு மணலில் இருக்கும் கிணற்றைக் களியில் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது. அடுத்தது ஆழம். அடியா, மீட்டரா? தரையிலிருந்து அளந்ததா, கேசிங் பைப்பின் விளிம்பிலிருந்து அளந்ததா? தரை மட்டம் சராசரி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு? நம் பகுதி தட்டையானது. பொன்னேரிச் சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் ஏற்றம் தெரியாது. செயற்கைக்கோள் தரும் தரைமட்டத் தரவில் சில மீட்டர் பிழை சாதாரணம். கடலோரத்தில் நிலத்தின் மொத்த ஏற்ற இறக்கமே அவ்வளவுதான். அதனால் கிணற்றுத் தலையின் உயரத்தை நேரில் மட்டமெடுத்து அளந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பொருந்தாத கிணறுகள் மிஞ்சும். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் மணல் வரைபடம் மின்தடை ஆய்விலிருந்து வந்தது. தரையில் முளைகளை அடித்து, மின்சாரத்தைச் செலுத்தி, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறோம். நன்னீர் நிறைந்த மணல் நன்றாகத் தடுக்கும், களி குறைவாகத் தடுக்கும். இந்த விதியை வைத்து மின்தடை குறைந்த இடமெல்லாம் களி என்று நிறமிட்டால் மேற்கே, பஞ்செட்டிப் பக்கம், கிணறுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. கிழக்கே வரவரப் பொருந்துவதில்லை. காரணம் 1942இல் எண்ணெய்த் துறைப் பொறியாளர் ஆர்ச்சி வெளியிட்ட சமன்பாட்டிலேயே இருக்கிறது. களி கலக்காத மணலின் மின்தடை, அதன் துளைகளில் இருக்கும் தண்ணீரின் மின்தடையைப் பொறுத்தது. 30 சதவீதம் துளையுள்ள தளர்ந்த மணலை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடைமை (மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, ஓம் மீட்டரில்) உள்ளிருக்கும் நீரின் மின்தடைமையைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இருக்கும். நல்ல குடிநீரின் மின்தடைமை சுமார் 14 ஓம் மீட்டர், எனவே மணலுக்கு 70 அளவில் வரும். கடல்நீரின் மின்தடைமை சுமார் 0.2 ஓம் மீட்டர். அதே மணலில் கடல்நீர் நிறைந்தால் மின்தடைமை 1 ஓம் மீட்டருக்கு இறங்கிவிடும். களியே அதைவிடக் கூடுதலாகத் தடுக்கும்.

அப்படியானால் நான் தொடக்கத்தில் சொன்ன கிணற்றில் என்ன நடக்கிறது? துளைத்தவர் மணலைக் கண்ணால் பார்த்திருக்கிறார், 65 சதவீதம் சரி. மின்தடை ஆய்வு உப்பைப் பார்த்திருக்கிறது. அந்த உப்பைக் களி என்று மொழிபெயர்த்தது நாம் வைத்த விதி. இந்த இடத்தில் பொருத்தும் கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கிணற்றைச் சுற்றி மட்டும் மணல் கூடும். கிணறே இல்லாத அடுத்த ஊரில் உப்பு மணல் களியாகவே கிடக்கும். கடல்நீர் உள்ளே வரும் வழியே மாதிரியில் அடைபட்டுப்போகும். உப்பு வரும் பாதையைத் தேடி அமைக்கும் மாதிரியில் அந்தப் பாதையையே களியால் அடைத்துவைத்தால், பிறகு அதில் ஓடும் கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மீஞ்சூர்க்காரருக்கு அதனால் என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் கிணற்றின் எண்ணிலிருந்து வரைபடத்தின் எண்ணைக் கழித்து, மிஞ்சுவதை மட்டும் ஒரு தாளில் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். நான் அதை எச்சம் என்று சொல்வேன். எச்சத்தை வரைபடத்தோடு கூட்டுவதற்கு முன் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் ஒரே குறியில் எச்சம் வந்தால், அளவுகோலிலோ விதியிலோ கோளாறு. ஒரு திசையில் போகப்போகக் கூடினால், அந்தத் திசையில் நாம் கணக்கில் கொள்ளாத ஏதோ ஒன்று இருக்கிறது. எங்களுக்கு எச்சம் கிழக்கே கூடிக்கொண்டே போனது, அதுவும் நீர் மாதிரிகளின் குளோரைடு கூடும் அதே திசையில். அந்தத் தாளை நிறமிட்டபோது குழுவில் யாரும் வாதாடவில்லை. விதியை மாற்றினோம். நீரின் உப்புத்தன்மையை முதலில் கிணறுகளிலிருந்து வரைந்துகொண்டு, ஒவ்வொரு இடத்திலும் அந்த நீருக்கு மணல் எவ்வளவு மின்தடை காட்ட வேண்டும் என்று கணக்கிட்டு, பிறகு மணலின் பங்கை மதிப்பிட்டோம். கடலோரப் பட்டையில் மணலும் களியும் இரண்டுமே தாழ்ந்த எண்களாக இருப்பதால் அங்கே மின்தடையை அதிகம் நம்பவில்லை. கிணறுகளும், பழைய ஆற்றுத் தடத்தின் போக்கும்தான் அங்கே வழிகாட்டின.

கிணறு சொல்வதும் வேதவாக்கு இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பொன்னேரியில் நெடுங்காலமாக ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பழைய குறிப்பேடுகளைக் கேட்டுப் போயிருந்தேன். தாராளமாகக் கொடுத்தார். களி, சவுடு, குறுமணல், பருமணல், கூழாங்கல் என்று அவர் பிரித்து எழுதியிருந்த நுணுக்கம் பல அலுவல்முறைப் பதிவுகளில்கூட இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பதிவும் பருமணலில் முடிந்திருந்தது. "ஐயா, அதற்குக் கீழே என்ன இருந்தது?" என்று கேட்டேன். "நல்ல மணல் கிடைத்த பிறகு எதற்கம்மா கீழே போக வேண்டும்? ஃபில்டர் பைப்பை இறக்கிவிட்டு வந்துவிடுவேன்" என்றார்.

அவர் வேலைக்கு அதுதான் சரி. மாதிரி அமைப்பவருக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வரைபடத்தின் எண் முழு அடுக்கின் சராசரி, கிணற்றின் எண் அடுக்கின் மேல்பாதிக்கான சராசரி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதே தவறு. அடுக்கை முழுவதும் துளைத்த கிணறுகளைத்தான் அடுக்குச் சராசரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவை அவை துளைத்த ஆழம்வரை மட்டும் பேசட்டும். இரண்டாவது, யாரும் களியைத் தேடிக் கிணறு தோண்டுவதில்லை. தண்ணீர் கிடைத்த வயலுக்குப் பக்கத்து வயலில்தான் அடுத்த கிணறு வருகிறது. ஆகவே கிணறுகள் அனைத்தின் சராசரியை எடுத்தால் மணல் கூடுதலாகவே தெரியும். நெருக்கமாக இருக்கும் கிணறுகளுக்கு எடையைக் குறைத்துப் பரப்புக்கு ஏற்பச் சராசரி எடுத்த பிறகே வரைபடத்தின் மொத்தச் சராசரியோடு ஒப்பிடுகிறேன்.

அடுத்தது அளவு. மாதிரியில் நிலத்தைச் சிறு பெட்டிகளாக, அறைகளாக, பிரித்துத்தான் கணக்கிடுகிறோம். எங்கள் மாதிரியில் ஓர் அறை என்பது 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 2 மீட்டர் தடிமன். ஆறு அங்குலத் துளை அந்த அறையின் பரப்பில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறையின் மூலையில் இருக்கும் கிணறு அதன் மையத்திலிருந்து 70 மீட்டர் தள்ளி இருக்கும். கிணற்றின் பதிவை அறையின் எண்ணாகச் சுருக்கும்போது எந்தச் சராசரியை எடுக்கிறோம் என்பதில் ஊரே கவிழ்ந்துவிடும். ஒரு கணக்கு சொல்கிறேன். 2 மீட்டர் அறையில் 1.6 மீட்டர் மணல், 0.4 மீட்டர் களி. மணலின் நீர்கடத்துதிறன் நாளுக்கு 30 மீட்டர், களிக்கு நாளுக்கு 0.001 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்ட ஓட்டத்துக்குத் தடிமனை எடையாக வைத்துக் கூட்டுச் சராசரி எடுத்தால் 24 வரும். செங்குத்து ஓட்டத்துக்கு இசைச் சராசரி (தலைகீழிகளின் சராசரியைத் தலைகீழாக்குவது) எடுக்க வேண்டும், அது 0.005. ஒரே அறை, இரண்டு எண்கள், ஏறக்குறைய ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். "பெரும்பான்மை எது" என்ற முறையில் மண் வகையைச் சுருக்கினாலோ அந்த 40 சென்டிமீட்டர் களி காணாமலே போய்விடும். மேல் நீர்த்தாங்கியின் உப்பு கீழே இறங்காமல் ஏதோ ஒன்று தடுக்கிறது என்றால், அது பல இடங்களில் இந்த மெல்லிய களிதான். அதனால்தான் நடுக் களியை அறைகளுக்குள் கரையவிடாமல் தனி அடுக்காகவே பிரித்து அமைத்தோம். அறைகள் கூடின, கணினிக்கு நேரம் கூடியது. அந்த விலையைக் கொடுக்க நான் தயங்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் எச்சத்தைத்தான் பரப்பலாம். தெரிந்த புள்ளிகளின் எண்களுக்கு எடையிட்டு இடைப்பட்ட இடங்களை மதிப்பிடும் கிரிக்கிங் என்ற முறையை எல்லா மென்பொருளும் வைத்திருக்கின்றன. அந்தப் பெயருக்குரிய டேனி கிரிக் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். 1951இல் அவர் எடுத்துக்காட்டியது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. சோதனைக்கு எடுத்த சிறு பாறை மாதிரிகளில் தங்கம் மிக அதிகமாகத் தெரிந்த பாளங்களை வெட்டி எடுத்தால் கிடைப்பது மாதிரி காட்டியதைவிடக் குறைவு, மிகக் குறைவாகத் தெரிந்தவற்றில் கிடைப்பது அதைவிட அதிகம். சிறிய மாதிரியின் எண்ணைப் பெரிய பாளத்தின் எண்ணாக அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் சாய்வு அது. கிணற்றின் எண்ணுக்கு அறை துல்லியமாக வந்து நிற்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், அவர் பெயர் கொண்ட கருவியை வைத்துக்கொண்டே அவர் சுட்டிய பிழையைச் செய்கிறார்கள்.

நான் எச்சத்தைப் பரப்பும் விதம் இது. சராசரி சுழியம் என்று வைத்து எளிய கிரிக்கிங் செய்கிறேன். அப்போதுதான் கிணறுகளிலிருந்து விலகப் போகும்போது திருத்தம் மறைந்து, வரைபடம் தன் எண்ணுக்குத் திரும்பும். எவ்வளவு தூரம் திருத்தம் எட்ட வேண்டும் என்பதை வேரியோகிராம் (தூரம் கூடக்கூட இரண்டு இடங்களின் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைவு) சொல்ல வேண்டும், மென்பொருள் தானாக நிரப்பும் எண் சொல்லக் கூடாது. தூரம் மிகச் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வட்டவட்டமாகத் திட்டுகள் விழுந்து வரைபடம் அம்மைத் தழும்பு ஏறிய முகம் போல ஆகிவிடும். மிகப் பெரியதாக இருந்தால் மீஞ்சூர்க் கிணற்றின் எச்சம் தாமரைப்பாக்கத்து மணலைக் கெடுக்கும். ஆற்றுத் தடம் ஓடும் திசையில் தூரத்தைக் கூட்டி, அதற்குக் குறுக்கே குறைக்கிறேன். கிணற்றுத் தரவிலேயே சந்தேகம் உள்ள இடங்களில் அந்தச் சந்தேகத்துக்கு உரிய அளவு நகட் (கிணற்றின் எண்ணிலேயே இருக்கும் தடுமாற்றத்துக்கான இடம்) கொடுக்கிறேன். அங்கே வரைபடம் கிணற்றை நெருங்கினால் போதும், தொட வேண்டியதில்லை.

சதவீதத்தோடு எச்சத்தை நேரடியாகக் கூட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வரைபடத்தில் 15 இருக்கும் இடத்தில் எச்சம் கழித்தல் 20 என்று பரவினால் கழித்தல் 5 சதவீத மணல் வரும். அதைச் சுழியம் என்று வெட்டிவிட்டால் மொத்த மணலின் கணக்கு மாறிவிடும். பங்குகளை லாஜிட் என்ற, திருப்பி மாற்றும்போது சுழியத்துக்கும் நூற்றுக்கும் வெளியே போகவிடாத அளவுக்கு மாற்றி, அங்கே எச்சம் எடுத்து, பரப்பிய பிறகு திருப்பி மாற்ற வேண்டும். நீர்கடத்துதிறனுக்கு மடக்கையில் வேலை செய்ய வேண்டும். அங்கே வேறுபாட்டைவிட விகிதத்துக்குத்தான் பொருள் உண்டு.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருநாள் கேட்டான்: "அக்கா, எல்லாக் கிணறும் பொருந்திவிட்டால் மாதிரி சரி என்று எப்படித் தெரியும்?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பொருத்திய கிணற்றில் பொருந்துவது எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு கிணறாக ஒதுக்கிவைத்து, மற்றவற்றை மட்டும் வைத்து அந்த இடத்தை மதிப்பிட்டு, ஒதுக்கிய எண்ணோடு ஒப்பிடச் சொன்னேன். திருத்தம் செய்த வரைபடம், திருத்தாத வரைபடத்தைவிட இந்தச் சோதனையில் சிறப்பாக வரவில்லை என்றால் அந்தத் திருத்தத்தால் பயனில்லை. மேற்கே திருத்தம் தெளிவாக உதவியது. கடலோரத்தில் விதியை மாற்றியது உதவிய அளவுக்கு எச்சத்தைப் பரப்பியது உதவவில்லை. முப்பரிமாண மாதிரியை நிரப்பிய பிறகு அதை மேலிருந்து கீழாகச் சராசரி எடுத்து மறுபடியும் வரைபடமாக்கி, தொடங்கிய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். கிணற்றுப் பதிவு, சுருக்கிய அறைகள், முழு மாதிரி ஆகிய மூன்றின் பரவல்களையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். தம்பி இப்போது நான் சொல்லாமலே இவற்றைச் செய்துவிடுகிறான்.

காட்டுப்பள்ளிப் பக்கம் சில கிணறுகள் இன்னும் பொருந்தவில்லை. அவற்றைப் பொருத்தாமலேயே விட்டிருக்கிறோம். வரைபடத்தில் அந்தப் புள்ளிகளை வேறு நிறத்தில் காட்டி, கிணறு சொல்லும் எண்ணையும் வரைபடம் சொல்லும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பகுதியில் அடுத்து ஒரு கண்காணிப்புக் கிணறு துளைக்கும்போது மணலில் நின்றுவிடாமல் நடுக் களியைத் தாண்டிக் கீழ் நீர்த்தாங்கியின் அடிவரை போக வேண்டும், துளையில் காமா பதிவும் (மண்ணிலிருந்து இயல்பாக வரும் கதிரின் அளவு, பொதுவாகக் களியில் அது கூடுதல்) மின்தடைப் பதிவும் சேர்த்து எடுக்க வேண்டும், மேல் நீரும் கீழ் நீரும் கலக்காதபடி களி ஆழத்தில் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். களி எவ்வளவு உப்பான நீரில் ஊறியிருந்தாலும் அதன் காமாக் கதிர் அதனால் மாறாது. அந்தக் கிணறுகளில் இருப்பது மணலா களியா என்பதை அந்த ஒரு பதிவே பிரித்துக் காட்டிவிடும்.